“லேசாத்தான் சார் ஷாக் அடிக்குது”

மேடவாக்கத்திலிருந்து ஒரு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர் 13.8 வோல்ட் பவர் சப்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் சர்வீஸ் கடைக்கு வந்தார். “லேசாத்தான் சார் ஷாக் அடிக்குது, ஆன்டெனா கனெக்டரை மாட்டும்போது மட்டும்.” பிளக்கைப் பார்த்தேன். இரண்டு பின்! பச்சை எர்த் வயரை வெட்டி, மடித்து, டேப் சுற்றியிருந்தார்கள்.

எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) உள்ளே, மெயின்ஸ் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டரில் பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு ஒய் கெப்பாசிட்டர்கள் பாடியில், அதாவது உலோகப் பெட்டியில், சேர்கின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லாவிட்டால் பாடி, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் தொங்கும். மீட்டரில் 115 வோல்ட் வரை காட்டும். 4.7 நானோ ஃபாரட் என்றால் கை வழியே போவது 0.3 மில்லி ஆம்பியர்தான். சுருக்கென்று இருக்கும், ஆளைக் கொல்லாது. அதனால்தான் பழகிவிடுகிறார்கள், என் பயமே அந்தப் பழக்கம்தான். உள்ளே பேஸ் வயர் நிஜமாகவே பாடியில் பட்டால், எர்த் உள்ள செட்டில் ஃபியூஸ் போகும். இதில் 230 வோல்ட்டும் பாடியிலேயே காத்திருக்கும்.

மூடியைக் கழற்றினால் இன்னொன்று. மெயின்ஸ் பக்கமான பிரைமரிக்கும் 13.8 வோல்ட் பக்கமான செகண்டரிக்கும் குறுக்கே இருக்க வேண்டிய ஒய்1 கெப்பாசிட்டருக்குப் பதிலாக, யாரோ சாதாரண ஒரு கிலோவோல்ட் செராமிக்கை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். ஒய்1, பழுதானாலும் ஷார்ட் ஆகாதபடி செய்து சோதிக்கப்பட்டது. சாதாரணமானது ஷார்ட் ஆனால் பிரைமரியின் 325 வோல்ட் நேராக மைக்குக்கும் ஆன்டெனாவுக்கும் வரும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் ஒய்1!

இரண்டையும் மாற்றிக் கொடுத்தும் மனது கேட்கவில்லை, அவர் வீட்டுக்கே போனேன். இஸ்திரிப் பெட்டியை ஓடவிட்டு, அதே சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தேன். லோடு ஓடும்போது கொஞ்சமாவது வோல்டேஜ் தெரிய வேண்டும்; சுத்தமாக 0. திறந்து பார்த்தால் நியூட்ரலையே எர்த் முனையில் லூப் போட்டிருக்கிறார் வயர்மேன். நியூட்ரல் எங்காவது அறுந்தால், பவர் சப்ளையின் பாடி முழு பேஸாகிவிடும். டெஸ்டரை வைத்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. லூப்பை எடுத்துவிட்டு, புதிதாக எர்த் குழி போட்டு, கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் மாட்டினோம்.

உங்கள் செட்டை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓம் மீட்டரில் பாருங்கள். எர்த் பின்னிலிருந்து பாடிக்கு ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். மற்ற இரண்டு பின்களிலிருந்து பாடிக்குத் தொடர்பே காட்டக்கூடாது.

பழைய வால்வ் ரேடியோ வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரு நிமிடம். ட்ரான்ஸ்பார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. செட்டுகளில் மெயின்ஸின் ஒரு வயர் நேராகச் சேஸிஸில் (உள்ளே இருக்கும் உலோகத் தட்டில்) இருக்கும். அந்தச் சேஸிஸில் எர்த் வயரைக் கட்டவே கட்டாதீர்கள். மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்பார்மர் வழியாக ஓட்டுங்கள். குமிழ் கழன்ற தண்டையும் வெறுங்கையால் திருப்பாதீர்கள்.