படத்தில் சிக்காத புலியை எண்ணுவது எப்படி?

2022-ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்புக்காக 32,588 இடங்களில் தானியங்கி கேமராக்கள் வைக்கப்பட்டன. அவற்றில் பதிவான படங்கள் 4.7 கோடி. புலி இருந்த படங்கள் 97,399. புலிகளின் உடல் வரிகளை ஒப்பிட்டுப் பிரித்துப் பார்த்தபோது 3,080 தனித்தனிப் புலிகள் தேறின. ஆனால் அறிவிக்கப்பட்ட சராசரி மதிப்பீடு 3,682. அப்படியானால் ஏறத்தாழ 600 புலிகள் எந்தக் கேமராவிலும் விழவில்லை. விழாத புலியை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? இது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. ஒரு கணக்கெடுப்பு நம்பத்தக்கதா என்பதை அந்தப் பார்க்காத புலிகளை அது எப்படிக் கையாண்டது என்பதை வைத்தே சொல்ல முடியும். பார்த்ததை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்ளும் கணக்கு காட்டைப் பற்றிச் சொல்வதைவிட, எத்தனை பேர் எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லும்.

நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் இந்தியா நம்பியிருந்தது காலடித் தடத்தை. ஒடிசாவின் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி 1966-இல் உருவாக்கிய முறை அது. தடத்தின் மேல் கண்ணாடித் தகட்டை வைத்து, அதன் விளிம்பை வரைந்து, தாளில் பிரதி எடுத்து, ஒவ்வொரு தடமும் எந்தப் புலியுடையது என்று அனுபவத்தால் பிரிப்பார்கள். உழைப்பில் குறையில்லை. ஆனால் ஒரே புலியின் பாதம் ஈரச் சேற்றில் ஓர் அளவிலும் தளர்ந்த மணலில் வேறோர் அளவிலும் பதியும்; பாறைத் தரையில் பதியவே பதியாது. இவை திருத்தக்கூடிய பிழைகள் என்றே வைத்துக்கொண்டாலும், நாட்டிலுள்ள ஒவ்வொரு புலியின் தடமும் கண்ணில் பட்டுவிட்டது என்ற நம்பிக்கையின் மேல் அந்த முறை நின்றது. தவறவிட்டவை எத்தனை என்று கேட்பதற்கே அதில் இடமில்லை. ராஜஸ்தானின் சரிஸ்காவில் 2004-இல்கூடப் பதிவேட்டில் புலிகள் இருந்தன. 2005-இல் அங்கே ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது உறுதியானது. வேட்டைக்காரர்கள் எல்லாவற்றையும் கொன்று முடிக்கும்வரை ஏடு மட்டும் உயிரோடு இருந்தது.

இன்றைய கேமரா முறையை இந்தியாவில் 1990-களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் தொடங்கிவைத்தவர் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த். புலியின் வரிகள் மனிதக் கைரேகை மாதிரி: ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, வளர வளர மாறுவதுமில்லை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒரே புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறுவேறு. இடப்பக்கம் மட்டும் தெரியும் படத்தையும் வலப்பக்கம் மட்டும் தெரியும் படத்தையும் வைத்துக்கொண்டு இரண்டும் ஒரே விலங்கா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒவ்வொரு இடத்திலும் பாதையின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கேமராக்கள். ஒன்று பழுதாகிவிட்டால், அந்தப் புலியின் இன்னொரு பக்கம் வேறெங்காவது கிடைத்தால்தான் உண்டு. கிடைக்காவிட்டால் இடப்பக்கங்களைத் தனியாகவும் வலப்பக்கங்களைத் தனியாகவும் வைத்து, இரண்டில் ஒரு தொகுப்பை மட்டுமே கணக்குக்கு எடுக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஒரு புலி இரண்டாகிவிடும்.

காட்டை 2 சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு ஜோடி கேமரா வைக்கிறார்கள். கட்டத்தின் நட்ட நடுவில் வைக்க வேண்டும் என்றில்லை. புலி வரும் இடத்தில் வைக்க வேண்டும். வண்டிப்பாதை, விலங்குத்தடம், வறண்ட ஓடைப்படுகை, இரண்டு பாதைகள் கூடும் முனை ஆகியவை நல்ல இடங்கள். எச்சம், நகத்தால் பிராண்டிய மண், சிறுநீர் பீய்ச்சிய மரத்தின் வாடை இவையெல்லாம் இருந்தால் இன்னும் நல்லது. இந்த இடங்களை ஆய்வாளரைவிட வேட்டைத் தடுப்புக் காவலர்களே நன்றாக அறிவார்கள். கேமரா தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் விலாப்பகுதி நேராக விழும். உயரம் கூடினால் முதுகுதான் கிடைக்கும், அதில் அடையாளம் காணப் போதுமான வரி இருக்காது. பாதையின் நடுவிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, ஒன்றின் பிளாஷ் மற்றொன்றின் லென்ஸில் பாயாதபடி கொஞ்சம் விலக்கிக் கட்ட வேண்டும். முன்னால் இருக்கும் புல்லை வெட்டிவிட வேண்டும். இல்லையேல் காற்றில் அது ஆடும் ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்து, மெமரி கார்டும் பேட்டரியும் தீர்ந்துபோகும். கட்டி முடித்ததும் ஒருவர் நான்கு கால்களில் தவழ்ந்து பாதையைக் கடந்து பார்ப்பது வழக்கம். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும், கோணம் சரியா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

பழுதாகும் வழிகள் பல. கேமராவின் உணரி, பின்புலத்துக்கும் நகரும் உடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைத்தான் உணர்கிறது. கோடை நண்பகலில் தரை உடல் சூட்டை நெருங்கிவிட்டால் புலி முன்னால் நடந்தாலும் அது விழித்துக்கொள்ளாமல் போகலாம். கிழக்கு மேற்காகத் திருப்பி வைத்தால் காலை மாலை வெயில் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் இரவில் எடுத்த படம், நடக்கும் புலியின் வரிகளைக் கலக்கிவிடும். வெண்ணிற பிளாஷ் தெளிவாகக் காட்டும், ஆனால் சில விலங்குகளை மிரட்டும். யானை பிடுங்கி மிதிக்கும். மனிதர் திருடுவதும் உண்டு. இவற்றையெல்லாம்விடச் சத்தமில்லாமல் கெடுப்பது தவறான கடிகாரம். இரண்டு கேமராவின் நேரமும் ஒத்துப்போகாவிட்டால் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒரே கடப்பு என்று இணைக்க முடியாது, ஒரு மாத உழைப்பு பாதியாகிவிடும்.

இனி அந்த 600-க்கு வருவோம். டென்மார்க்கில் மீன்களுக்கு மீன்வள ஆய்வாளர் பீட்டர்சனும், அமெரிக்காவில் வாத்துகளுக்குப் பறவை ஆய்வாளர் லிங்கனும் பயன்படுத்திய பழைய கணக்குதான் அடிப்படை. ஒரு காட்டில் முதல் சுற்றில் 20 புலிகள் படத்தில் விழுந்தன என்று கொள்வோம். இரண்டாம் சுற்றில் 25 விழுந்தன. அவற்றில் 10 முன்பே பார்த்தவை. நமக்குத் தெரிந்த 20-இல் 10 மட்டுமே இரண்டாம் முறை விழுந்திருக்கின்றன, அதாவது ஒரு சுற்றில் ஒரு புலி படமாகும் வாய்ப்பு பாதி. அப்படியென்றால் இரண்டாம் சுற்றின் 25-ம் மொத்தத்தில் பாதிதான். மொத்தம் 50. கண்ணால் கண்டவை 35, காணாதவை 15. மறுபடி மறுபடி விழும் புலிகளே விழாத புலிகளுக்குச் சாட்சி சொல்கின்றன.

இந்தக் கணக்கு சில நிபந்தனைகளோடுதான் நிற்கும், அவை உடையும்போது விடை எந்தப் பக்கம் சாயும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிளாஷுக்கு மிரண்டு புலி பாதையை மாற்றினால் மறுபதிவு குறைந்து விடை வீங்கும். சில புலிகள் எளிதில் விழுந்து, சில அரிதாகவே விழுந்தால், அதாவது பாதையோரமே உலவும் பெரிய ஆண்களும் குட்டிகளோடு ஒதுங்கியிருக்கும் பெண்களும் கலந்திருந்தால், விடை சுருங்கும். ஆய்வு நீண்டுகொண்டே போனால் பழையவை செத்து, புதியவை வந்து சேரும், மறுபடியும் வீக்கம். ஆகவேதான் ஓர் இடத்தில் பதிவை 45 முதல் 60 நாட்களுக்குள் முடித்துக்கொள்கிறார்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிகளைச் சேர்ப்பதில்லை. அவை அதிகம் சாகின்றன, அதிகம் வெளிப்படுவதுமில்லை.

அடையாளப் பிழைக்குத் தனியாக அஞ்ச வேண்டும். உயிரியல் பூங்காக்களில் உள்ள, எண்ணிக்கை தெரிந்த பனிச்சிறுத்தைகளின் படங்களைப் பார்வையாளர்களிடம் கொடுத்து 2020-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கணக்கு உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வந்தது. ஒரே விலங்கை இரண்டாகப் பிரிப்பதே மனிதர் அதிகம் செய்த தவறு. புலியின் வரி பனிச்சிறுத்தையின் புள்ளிகளைவிடத் தெளிவானது. கணினியும் புலி உடலின் முப்பரிமாண வடிவின் மேல் படத்தைப் போர்த்தி ஒப்பிட உதவுகிறது. இருந்தாலும் கடைசி முடிவைக் கண்ணால் பார்த்தே எடுக்க வேண்டும், அதுவும் ஒருவர் மட்டும் பார்த்தால் போதாது.

எத்தனை என்று தெரிந்தால் மட்டும் போதாது, எவ்வளவு பரப்பில் என்றும் தெரிய வேண்டும். கேமரா வைத்த பகுதியின் விளிம்பில் விழுந்த புலியின் வீடு வெளியே இருக்கலாம். முன்பெல்லாம் சுற்றிலும் ஒரு பட்டையைத் தோராயமாகச் சேர்த்தார்கள். இப்போது ஒவ்வொரு புலிக்கும் ஒரு நடமாட்ட மையம் உண்டு என்றும், மையத்திலிருந்து தள்ளிப்போகப் போக ஒரு கேமராவில் அது விழும் வாய்ப்பு குறைகிறது என்றும் கொண்டு, எந்தப் புலி எந்தெந்தக் கேமராவில் விழுந்தது என்ற தகவலிலிருந்தே அந்தக் குறைவின் வேகத்தையும் 100 சதுர கிலோமீட்டருக்கு எத்தனை புலி என்பதையும் சேர்த்துக் கணிக்கிறார்கள். இந்த முறை எதையும் சரிசெய்துவிடும் என்று நினைக்கக் கூடாது. இரை நிறைந்த காட்டில் ஒரு பெண் புலியின் எல்லை 20 சதுர கிலோமீட்டர் அளவே இருக்கலாம். அந்த எல்லை முழுவதும் கேமராக்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் விழுந்துவிட்டால் அவள் படமாகும் வாய்ப்பு சுழியம். சுழியத்தை எந்தச் சூத்திரமும் மீட்காது. ரஷ்யாவின் தூரக் கிழக்கில் ஒரு பெண் புலிக்கு 400 சதுர கிலோமீட்டர் வரை தேவைப்படுகிறது. அங்கே இதே நெருக்கத்தில் கேமரா வைப்பது வீண் செலவு.

கேமரா இல்லாத காடுகளுக்கு, நடந்து கண்ட எச்சம், தடம், இரை விலங்குகள், மனித நடமாட்டம் ஆகியவற்றைக் கேமரா உள்ள காடுகளோடு பொருத்தி நீட்டிக் கணிக்கிறார்கள். தேசிய மொத்தத்தில் மிகவும் பலவீனமான பகுதி இதுதான். தடங்களின் எண்ணிக்கைக்கும் புலி எண்ணிக்கைக்கும் உள்ள உறவு காட்டுக்குக் காடு மாறும் என்ற விமர்சனம் புள்ளியியலாளர்களிடமிருந்து 2015-இல் அழுத்தமாக எழுந்தது. நாடு முழுமைக்குமான எண்ணைவிட ஒரு சரணாலயத்தின் எண்ணை நான் அதிகம் நம்புவது இதனால்தான். புலி மிகக் குறைவான இடங்களில் எச்சத்தைச் சேகரித்து மரபணு பார்க்கலாம்: வெளிப்பூச்சில் ஒட்டியிருக்கும் குடல் செல்களே போதும், ஆனால் மழையும் வெயிலும் அவற்றை விரைவில் அழித்துவிடும்.

தமிழ்நாட்டின் எண்ணிக்கை 2006-இல் 76, 2018-இல் 264, 2022-இல் 306. முதலுக்கும் கடைசிக்கும் உள்ள ஏற்றம் கேமராப் பரப்பு கூடியதால் ஓரளவும், புலி உண்மையிலேயே பெருகியதால் ஓரளவும் வந்தது. 264-க்கும் 306-க்கும் உள்ள இடைவெளியைப் பெருமையோடு சொல்வதற்குமுன் இரண்டு எண்களின் பிழை வரம்பையும், அதாவது உண்மை எண் எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கலாம் என்பதையும், கேட்க வேண்டும். வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், கூடியது என்று அடித்துச் சொல்ல முடியாது.

நாகரஹொளேயில் 1991 முதல் 2000 வரை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் கேமரா வைத்ததால் இன்னொன்றும் தெரியவந்தது. ஒரு புலி அடுத்த ஆண்டும் அங்கே இருக்கும் வாய்ப்பு 77 விழுக்காடு மட்டுமே. மீதி செத்திருக்கும் அல்லது வெளியேறியிருக்கும். ஆண்டுக்கு நான்கில் ஒரு பங்கு போயும் அந்தக் காடு காலியாகவில்லை, ஏனெனில் புள்ளிமானும் கடமானும் காட்டெருமையும் நிறைந்த காட்டில் குட்டிகள் அந்த இடத்தை நிரப்பின. ஒரு புலி ஆண்டுக்குச் சுமார் 50 குளம்பு விலங்குகளைக் கொல்கிறது. இரை குறையாமல் இருக்க அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. எனவே ஒரு புலிக்குப் பின்னால் 500 மான்களாவது வேண்டும். கேமராவில் புலி குறையத் தொடங்கும் காட்டில் முதலில் தேட வேண்டியது புலி வேட்டைக்காரனை மட்டுமல்ல, மானுக்கு வைத்த கம்பிச் சுருக்கையும்.