காய் எது என்று பலகைக்கு எப்படித் தெரியும்?

நாகர்கோவிலை அடுத்த பொறியியல் கல்லூரி ஒன்றின் இறுதியாண்டு மாணவர்கள் சிலர் தானியங்கிச் சதுரங்கப் பலகை ஒன்றைச் செய்து வருகிறார்கள். சென்னையில் இருப்பவர் இணையச் செயலியில் குதிரையை நகர்த்தினால், இங்கே மேசை மேலிருக்கும் மரக்குதிரை யார் கையும் படாமல் உரிய கட்டத்துக்குப் போய் நிற்கும். இங்கிருப்பவர் கையால் நகர்த்தும் காய் அங்கே திரையில் நகரும். பார்க்க வருபவர்கள், கணினி எப்படி ஆட்டத்தை யோசிக்கிறது என்றே முதலில் கேட்கிறார்கள். அதற்கு ஸ்டாக்ஃபிஷ் போன்ற வலுவான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எந்தக் கட்டத்தில் எந்தக் காய் நிற்கிறது என்பதைப் பலகைக்குத் தெரியவைப்பதுதான் பெரும்பாடு.

காயை நகர்த்தும் உத்தி பழையது. ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் லியோனார்டோ டோரஸ் கெவேடோ 1912-இல் உருவாக்கிய இயந்திரம் ராஜாவையும் யானையையும் கொண்டு எதிரியின் தனி ராஜாவை மடக்கியது. அவருடைய மகன் 1920-இல் செய்த இரண்டாம் வடிவத்தில் பலகைக்கு அடியிலிருந்த காந்தங்களே காய்களை இழுத்தன. மாணவர்களின் பலகையிலும் அடியில் ஒரு மின்காந்தம் இருக்கிறது. அதைச் சுமக்கும் சிறு வண்டியை படிப்படியாகச் சுழலும் இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள் பல்வைத்த பெல்ட் மூலம் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் இழுக்கின்றன. மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளில் முடிக்கிறது, 2 மி.மீ. இடைவெளியில் 20 பற்கள் கொண்ட சக்கரம் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. பெல்ட்டை நகர்த்துவதால், ஒரு படிக்கு 0.2 மி.மீ. தூரம்தான். இந்த நுட்பம் தாராளமாகப் போதும். ஆனால் உராய்வினால் காய் காந்தத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வரும் என்பதால், வண்டி கட்டத்தின் மையத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய்தான் காயை விடவேண்டும்.

குதிரையால் இங்கே தாவ முடியாது. ஏ முதல் எச் வரையிலான நெடுவரிசை எழுத்தையும் 1 முதல் 8 வரையிலான வரிசை எண்ணையும் சேர்த்துக் கட்டத்துக்குப் பெயர் சொல்வார்கள். ஜி1-இலிருந்து எஃப்3-க்குப் போக, குதிரை முதலில் அரைக்கட்டம் இடப்பக்கம் நகர்ந்து, எஃப்2, ஜி2 சிப்பாய்களுக்கு நடுவிலுள்ள கோட்டின் மேலேயே ஊர்ந்து, மூன்றாம் வரிசையை அடைந்ததும் மறுபடி அரைக்கட்டம் இடப்பக்கம் ஒதுங்குகிறது. கட்டத்தின் பக்கம் 50 மி.மீ. என்றால், இந்தச் சந்தில் இடிக்காமல் செல்லக் காயின் அடி 25 மி.மீ.-க்கும் குறைவாக இருக்கவேண்டும். போட்டிகளில் பயன்படும் ராஜாவின் அடியே 4 செ.மீ. அளவுக்கு வருவதால் கடைக் காய்கள் உதவாது. ரப்பர் மரத்தில் ஒல்லியாகக் கடைந்த காய்களின் அடியில் சிறு காந்தம் பதித்திருக்கிறார்கள்.

அந்தக் காந்தத்தை உணர்வதற்கு ஒவ்வொரு கட்டத்தின் கீழும் ஒரு ரீட் சுவிட்ச் இருக்கிறது. மூடிய கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் அருகே வந்தால் அவை ஒட்டிக்கொள்ளும். குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் திறந்த இணைப்பு முனைகள் எளிதில் துருப்பிடிக்கும் என்பதால், இந்தக் கண்ணாடி உறை நல்ல தேர்வு என்றே சொல்வேன். 64 சுவிட்சுகளையும் எட்டு வரிசை, எட்டு நெடுவரிசை எனப் பின்னி 16 கம்பிகளிலேயே படித்துவிடலாம். ஆனால் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் காய் இருந்தால், மின்சாரம் சுற்றிவளைத்துப் பாய்ந்து, காலியான நான்காம் மூலையிலும் காய் இருப்பதாகக் காட்டும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றை ஒவ்வொரு சுவிட்சோடும் சேர்த்தால்தான் இந்தக் குழப்பம் நீங்கும். மின்காந்த வண்டியும் போகும் வழியில் சுவிட்சுகளைத் தூண்டுவதால், வண்டி ஓரமாக ஒதுங்கிய பிறகு வரும் தகவலையே மென்பொருள் ஏற்கிறது.

இத்தனைக்குப் பிறகும் சுவிட்ச் சொல்வது “இருக்கிறது” அல்லது “இல்லை” என்பதை மட்டுமே. அங்கிருப்பது ராணியா சிப்பாயா என்பது அதற்குத் தெரியாது. தொடக்க நிலை தெரியுமாதலால், அதிலிருந்து ஒவ்வொரு நகர்வையும் பின்தொடர்ந்து மென்பொருள்தான் காயை ஊகிக்கிறது. வெட்டும்போது இது சிக்கலாகிறது. டி4-இல் நிற்கும் சிப்பாய் சி5, இ5 ஆகிய இரண்டில் எதையும் வெட்டலாம் என்று கொள்வோம். வெட்டி முடிந்ததும் டி4 காலியாக இருக்கும். சி5, இ5 இரண்டும் முன்போலவே நிரம்பியிருக்கும். இறுதி நிலையை மட்டும் பார்த்தால் எது வெட்டுப்பட்டது என்று சொல்லவே முடியாது. ஆகவே பலகை ஒரு நொடிக்குள் பலமுறை எல்லாக் கட்டங்களையும் படித்து, டி4-ஐத் தவிர எந்தக் கட்டம் நடுவில் ஒருமுறை காலியானது என்பதைப் பிடித்துவைக்கிறது. கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் ராணியாகிறதா குதிரையாகிறதா என்பதைக் கட்டங்கள் காலியாகி நிரம்பும் வரிசைமுறையும் சொல்லாது. அதை இணையச் செயலி ஆட்டக்காரரிடமே கேட்டுக்கொள்கிறது.

இணையச் செயலிக்கும் பலகைக்கும் இடையே வெப்சாக்கெட் என்ற திறந்தே இருக்கும் இணைப்பு உண்டு. “ஜி1எஃப்3” போன்ற சிறு வரி வந்ததும், சர்வர் அது விதிப்படியானதா என்று சோதித்து மோட்டாருக்கு அனுப்புகிறது. காய் போய்ச் சேர்ந்ததை ரீட் சுவிட்ச் உறுதிசெய்த பிறகே திரையில் அடுத்தவர் முறை தொடங்குகிறது.

மின்வெட்டு வந்தால் வண்டி எங்கே நிற்கிறது என்பதை ஸ்டெப்பர் மோட்டார் மறந்துவிடும். மின்சாரம் திரும்பியதும் வண்டி மூலையிலுள்ள எல்லைச் சுவிட்சைத் தொடும்வரை நகர்ந்து, அங்கிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்குகிறது. பிறகு, சேமித்துவைத்த ஆட்ட நிலையோடு 64 கட்டங்களையும் ஒப்பிட்டு, பொருந்தாத கட்டங்களைத் திரையில் சிவப்பாகக் காட்டுகிறது. ஆட்டக்காரர் அவற்றைச் சரிசெய்யும்வரை மோட்டார் அசைவதில்லை.