கட்டாமைக்கு நீந்தத் தெரியாது

இந்த மழைக்காலத்தில் என்னிடம் வந்த மூன்றாவது கட்டாமை, அதாவது நட்சத்திர ஆமை, இது. கொண்டுவந்தது ஒரு கல்லூரி மாணவர். ரோட்டைக் கடந்துகொண்டிருந்ததை எடுத்து, ஆசையாக நாலு படம் பிடித்து, பக்கத்து ஏரியில் "காப்பாற்றி" விட்டிருக்கிறார். விடுவதையும் வீடியோ எடுத்தாயிற்று. ஆமை கல் மாதிரி உள்ளே போனது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்தான் கத்தினாராம்: "தம்பி, அது கட்டாமைப்பா! நீஞ்சாதுப்பா!" அவரே இறங்கித் துழாவி எடுத்தும் கொடுத்திருக்கிறார்.

வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன். தலை கீழே தொங்கும்படி பிடித்து, முன்னங்கால்களை மெல்ல இழுத்து உள்ளே தள்ளி, மறுபடி இழுத்து... மூக்கு வழியாகச் சேற்றுத் தண்ணீர் வந்தது. ஆமைக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப் போல இருமித் தள்ள அதனால் முடியாது. உள்ளே போன தண்ணீர் தங்கிவிடும், நாலு நாள் கழித்து நிமோனியாவாக வெளியே தெரியும். அசையவில்லை என்பதற்காகச் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஆமையின் உயிர் அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஆமை என்றாலே தண்ணீர் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? காலைப் பாருங்கள் ஐயா, காலை! யானைக்கால் போலத் தூண் தூணாக இருந்தால் அது தரையில் வாழ்வது. கருத்த ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடு போட்ட கட்டாமை இந்த வகை. முள்காட்டிலும் புல்வெளியிலும் மேய்கிற பிராணி அது. விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தால் குளத்து ஆமை. பாலாமை, காராமை எல்லாம் அப்படி. துடுப்பு மாதிரி இருந்தால் கடலாமை. குளத்து ஆமையைக் கடலில் விடுகிறவர்களும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையில் முட்டையிட ஏறிவரும் பங்குனி ஆமையை, வழி தவறி வந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பக் கடலுக்குள் தள்ளுகிறவர்களும் உண்டு. அவள் முட்டையிடத்தான் வந்தாள், விடுங்கள்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்" என்று ஒரு காலத்தில் விரட்டினோம். இப்போது அதிர்ஷ்டம் என்று தொட்டியில் வைக்கிறோம். கட்டாமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கிறது. வீட்டில் வைத்தால் ஜெயில்தான்.

படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்தடி தள்ளி, தரையோடு தரையாக உட்காருங்கள். காத்திருங்கள். தானாகத் தலை நீட்டும். 'உஸ்' என்று சத்தம் வந்தால் கோபம் என்று சிரிக்காதீர்கள். தலையை உள்ளே இழுக்கும்போது நுரையீரல் காற்று வெளியே வருகிற சத்தம் அது. நீங்கள் ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். ஃபிளாஷ் வேண்டாம். மல்லாத்தி வைத்து எடுக்கவே வேண்டாம்; நுரையீரல் முதுகோட்டுக்கு அடியில் இருக்கிறது, மல்லாத்தினால் குடல் மொத்தமும் அதன் மேல் உட்காரும். சும்மா தூக்கினால்கூடப் பயத்தில் சிறுநீர் விடும். வறண்ட காட்டில் அதுதான் அதன் தண்ணீர்க் கையிருப்பு.

ரோட்டின் நடுவில் இருந்தால் மட்டும் தொடுங்கள். இரண்டு கையாலும் பக்கவாட்டில் பிடித்து, அது பார்த்துக்கொண்டிருந்த திசையிலேயே ஓரத்தில் வையுங்கள். அவ்வளவுதான் உங்கள் வேலை. அடிபட்டிருந்தால் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன்: படத்தைப் போடும்போது ஊர்ப் பெயரையும் லொகேஷனையும் போடாதீர்கள். உலகத்திலேயே அதிகம் கடத்தப்படும் ஆமைகளில் இதுவும் ஒன்று. சாக்கை எடுத்துக்கொண்டு வருகிறவனுக்கு நீங்களே வழி காட்டாதீர்கள்.

நம் ஆமை பன்னிரண்டாம் நாள் சப்பாத்திக்கள்ளி மடலை ஒரு கடி கடித்தது. பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றார் வனக்காவலர். "எங்கே எடுத்தாய் தம்பி?" என்று கேட்டால் மாணவருக்கு ஞாபகமில்லை. கடைசியில் அவர் போனில் இருந்த முதல் படத்தின் லொகேஷனை வைத்துத்தான் அந்த வேலி ஓரத்தைக் கண்டுபிடித்தோம். ஆகவே போனில் இருப்பதை வனத்துறையிடம் காட்டுங்கள், ஊருக்குக் காட்டாதீர்கள். மாணவர் அந்த வீடியோவை அழித்துவிட்டார். அதற்குள் நாலாயிரம் லைக் வாங்கியிருந்தது.