ஐம்பேரேரிகளில் எந்தக் கப்பல் எங்கே சரக்கு ஏற்றலாம்?

கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ் ஊரில், ஈரி ஏரியையும் ஒன்டாரியோ ஏரியையும் இணைக்கும் வெலாண்ட் கால்வாயின் மூன்றாவது லாக் ஓரமாக ஒரு பார்வையாளர் மேடை இருக்கிறது. லாக் என்றால் இரு முனையிலும் கதவு வைத்த பெரிய தொட்டி. கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். லாக்கின் அகலம் சுமார் 24.4 மீட்டர், உள்ளே வர அனுமதிக்கப்படும் கப்பலின் அகலம் 23.8 மீட்டர் வரை. அதாவது பக்கத்துக்கு ஓர் அடி இடைவெளிதான். பெயின்ட் உரிந்த இடம்கூடக் கண்ணுக்குத் தெரியும். கப்பல் கடந்துபோகும்போது அதன் பின்புறத்தில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பாருங்கள். கனடாவின் மாண்ட்ரியல் என்று இருக்கலாம், மார்ஷல் தீவுகளின் மஜூரோ, சைப்ரஸின் லிமாசோல் என்றும் இருக்கலாம். அது கப்பல் பதிவான துறைமுகம். அமெரிக்கா, கனடா எல்லையை ஒட்டிய ஐந்து பெரிய ஏரிகளான ஐம்பேரேரிகளில் அந்தக் கப்பல் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதில் பாதி அந்த ஒரு சொல்லிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் உரிமையைப் பார்ப்போம். சுப்பீரியர், ஹூரான், ஈரி, ஒன்டாரியோ ஆகிய நான்கு ஏரிகளும் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பொது. மிச்சிகன் மட்டும் முழுக்க அமெரிக்காவுக்குள் கிடக்கிறது. 1909 ஜனவரியில் கையெழுத்தான எல்லை நீர் ஒப்பந்தம்தான் (கனடாவுக்காக அப்போது கையெழுத்துப் போட்டது பிரிட்டன்) இன்றைக்கும் அடிப்படை. எல்லை நீர்நிலைகளில் வணிகக் கப்பல் போக்குவரத்து இரு நாட்டு மக்களுக்கும் கப்பல்களுக்கும் சமமாகத் திறந்தே இருக்கும் என்கிறது அதன் முதல் பிரிவு. மிச்சிகன் ஏரியும் எல்லை நீர்களை இணைக்கும் கால்வாய்களும் அந்த உரிமைக்குள் வருகின்றன. அவரவர் எல்லைக்குள் சட்டம் போடலாம், கால்வாய்க்குக் கட்டணமும் வாங்கலாம். ஆனால் தன் கப்பலுக்கு ஒன்று, பக்கத்து நாட்டுக் கப்பலுக்கு ஒன்று என்று பாகுபாடு காட்டக்கூடாது.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் கனடா கப்பல் டுலூத்தில் இரும்புத் தாது ஏற்றி க்ளீவ்லாந்தில் இறக்கலாமே' என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. வழி திறந்திருப்பது வேறு, சரக்கு ஏற்றி இறக்கும் உரிமை வேறு. டுலூத்தும் க்ளீவ்லாந்தும் அமெரிக்கத் துறைமுகங்கள். அமெரிக்காவின் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தண்ணீர் வழியாகப் போகும் சரக்கை, 1920-இல் வந்த ஜோன்ஸ் சட்டத்தின்படி, அமெரிக்காவில் கட்டிய, அமெரிக்கக் கொடி பறக்கும், அமெரிக்கர் உடைமையான, அமெரிக்க மாலுமிகள் ஓட்டும் கப்பல்தான் கொண்டுபோகலாம். சரி, வழியில் கனடாவின் வின்ட்சரில் இறக்கிவைத்து, அங்கிருந்து மறுபடி ஏற்றினால்? அதையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டுத் துறைமுகம் வழியாகப் போனாலும் அதே விதிதான், மீறினால் சரக்கே பறிபோகும்.

கனடாவுக்கும் இதேபோல் 1992-ஆம் ஆண்டின் கரையோர வணிகச் சட்டம் இருக்கிறது. தண்டர் பேயில் ஏற்றிய கோதுமை கியூபெக்குக்குப் போனால் கனடா கப்பல் வேண்டும். ஆனால் அங்கே ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அந்த வேலைக்குப் பொருத்தமான கனடா கப்பல் எதுவும் கிடைக்கவில்லை என்று கனடா போக்குவரத்து முகமை முடிவு செய்தால், வெளிநாட்டுக் கப்பலுக்குத் தற்காலிக உரிமம் தருவார்கள். கப்பல் எங்கே கட்டப்பட்டது என்பதையும் கனடா பெரிதாகப் பார்ப்பதில்லை. வெளிநாட்டில் கட்டிய சரக்குக் கப்பல்களுக்கான 25 சதவீதச் சுங்க வரியை 2010-இல் நீக்கியதும், கனடா கம்பெனிகள் சீனாவில் புதுக் கப்பல்களைக் கட்டி வாங்கின. எதிர்க்கரையில் நிலைமை வேறு. 2022-இல் விஸ்கான்சினில் கட்டி முடித்த 'மார்க் டபிள்யூ பார்க்கர்'தான், 1983-க்குப் பிறகு ஏரிக்கரையில் கட்டப்பட்ட முதல் அமெரிக்க ஏரிக் கப்பல். உள்ளூர் கப்பல் கட்டும் தளங்களைக் காப்பாற்றத்தான் ஜோன்ஸ் சட்டம் என்கிறார்கள். கிட்டத்தட்ட நாற்பது வருடத்துக்கு ஒரு கப்பல் என்றால் அது என்ன காப்பு என்று எனக்குப் புரியவில்லை.

எல்லை தாண்டிய வணிகத்துக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. டுலூத்தில் ஏற்றி ஹாமில்டனில் இறக்க அமெரிக்கக் கப்பலுக்கும் கனடா கப்பலுக்கும் மூன்றாம் நாட்டுக் கப்பலுக்கும் அனுமதி உண்டு. மஜூரோ கப்பல் தண்டர் பேயில் கோதுமை ஏற்றி நேரே ஐரோப்பா போவதிலும் சிக்கல் இல்லை. ஆக, கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஏற்றும் துறைமுகமும் இறக்கும் துறைமுகமும் ஒரே நாட்டிலா, இல்லையா?

கடலிலிருந்து வரும் கப்பல்களை இங்கே 'சால்ட்டி' என்பார்கள், அதாவது உப்புத்தண்ணீர்க் கப்பல். ஏரியிலேயே ஓடுபவை 'லேக்கர்'. சால்ட்டிக்கு இரண்டு கூடுதல் நிபந்தனைகள். ஒன்று, உரிமம் பெற்ற அமெரிக்க அல்லது கனடா பைலட்டை, அதாவது ஏரி வழி தெரிந்த கப்பல் வழிகாட்டியை, ஏற்றிக்கொள்ள வேண்டும், அந்தச் செலவு கப்பல்காரருடையது. இன்னொன்று, கப்பல் நிலையாக நிற்க அடித்தொட்டிகளில் நிரப்பும் பாரத் தண்ணீர். அதை நடுக்கடலிலேயே மாற்றிவிட வேண்டும், காலித் தொட்டியாக இருந்தாலும் கடல்நீரால் அலசியிருக்க வேண்டும். ஏரிக்குள் வருமுன் அதிகாரிகள் சோதிப்பார்கள். இப்படித் தண்ணீரோடு வந்து சேர்ந்த வரிச்சிப்பி (ஜீப்ரா மசல் என்னும் சின்னச் சிப்பி) 1988-இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. குடிநீர்க் குழாய்களை அடைத்துக்கொண்டு அது படுத்திய பாடு பெரிது. அலசல் விதியைக் கனடா 2006-இலும் அமெரிக்கா 2008-இலும்தான் கட்டாயமாக்கின.

பணக் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. மாண்ட்ரியலிலிருந்து ஈரி ஏரி வரை 15 லாக்குகள். அவற்றில் 13 கனடாவுடையவை, அங்கே கட்டணம் உண்டு. அமெரிக்காவின் இரண்டு லாக்குகளிலும், சுப்பீரியர் ஏரி வாசலில் இருக்கும் சூ லாக்குகளிலும் சரக்குக் கப்பலுக்குக் கட்டணம் இல்லை. அதற்குப் பதில் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும் சரக்கின் மதிப்பில் 0.125 சதவீதம் துறைமுகப் பராமரிப்பு வரி. பத்து லட்சம் டாலர் சரக்கென்றால் 1,250 டாலர். ஏற்றுமதிக்கு இந்த வரி செல்லாது என்று 1998-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே சரக்கு லாரியில் பாலம் வழியாக வந்தால் இந்த வரி இல்லை. ஏரி வழியாகச் சரக்குப் போக்குவரத்து கூடவேண்டும் என்று ஒரு பக்கம் பேசிக்கொண்டே, தண்ணீரில் வந்ததற்காக இன்னொரு பக்கம் வரி வாங்குகிறார்கள்.

சட்டம் அனுமதித்தாலும் கப்பலின் உடம்பு அனுமதிக்க வேண்டுமே. வெலாண்ட் கால்வாயில் 225.5 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல் நுழையாது. 305 மீட்டர் நீள அமெரிக்க லேக்கர்கள் மேல் ஏரிகள் நான்கிலும்தான் சுற்றி வரும், ஒன்டாரியோ ஏரியைப் பார்க்கவே முடியாது. அப்புறம் பனிக்காலம். சூ லாக்குகள் வழக்கமாக ஜனவரி 15 முதல் மார்ச் 25 வரை மூடிக் கிடக்கும்.

கப்பல் வேலையில் இருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கத் துறைமுகத்தில் கரையிறங்க மாலுமிக்கு அவருக்கென்று தனி விசா வேண்டும். கப்பலுக்கு அனுமதி இருக்கிறதே என்று நம்பிக்கொண்டு வந்தால், ஊரைத் தளத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

டொரன்டோ பக்கம் சொந்தப் படகு வைத்து மீன் பிடிப்பவர்களும் கேட்பதுண்டு: தெரியாமல் கோடு தாண்டி அமெரிக்கப் பக்கம் போய்த் திரும்பினால் கனடா சுங்கத்துக்குச் சொல்லவேண்டுமா? 2017-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் கரையில் கால் வைக்காமல், நங்கூரம் போடாமல், படகைக் கட்டாமல், வேறு படகோடு தொடர்பு கொள்ளாமல் திரும்பியிருந்தால், பொதுவாகத் தாமாகப் போய்ச் சொல்லத் தேவையில்லை. அதிகாரி கேட்டால் மட்டும் பதில் சொல்லியாக வேண்டும்.