புழுக்கையை எண்ணுங்கள்

மன்னவனூர் செம்மறி ஆராய்ச்சி மையத்துப் பண்ணையில் வொயிட் ஜயண்ட் முயல்களைப் பார்த்துவிட்டு, வீட்டிலும் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் கொடைக்கானல் பக்கம் நிறையப் பேர். பூம்பாறையில் இருக்கும் என் தங்கையும் அந்தக் கட்சிதான். வயது ஏறிய பெட்டை முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் சர்வசாதாரணம் என்பதால், போன மார்கழியில் தன் பெட்டை முயலைக் கீழே கொண்டுபோய், அதற்குக் கருப்பையை எடுத்துவிட்டு வந்தாள்.

“அக்கா, சத்தமே இல்ல. சமத்தா மூலையில உட்கார்ந்திருக்கு, வலியே இல்ல போல” என்றாள் போனில்.

அந்தச் சமத்துதான் எனக்குப் பயம். நரிக்கும் பருந்துக்கும் இரையாகும் பிராணி, தன் நோவை வெளியே காட்டினால் பிழைக்காது. ஆள் பக்கத்தில் நின்றாலே உறைந்துபோய் உட்காரும். அதனால் செல்போனைக் கூண்டுக்கு எதிரே சாத்தி வைத்து, வீடியோவை ஓடவிட்டு, அறையை விட்டு வெளியே வரச் சொன்னேன்.

படத்தில் முகம் தெளிவாகத் தெரிந்தது. முயலின் முகத்தை வைத்து வலியை அளக்கும் முறை ஒன்றை 2012-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். கண், கன்னம், மூக்கு, மீசை, காது என்று ஐந்து இடம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 போட வேண்டும். வலியில் கண் இடுங்கும், உருண்ட கன்னம் தட்டையாகும், மூக்குத் துவாரம் கூராகும், மீசை விறைக்கும், காது இறுகச் சுருண்டு முதுகோடு ஒட்டும். தூங்கி வழியும் முயலுக்கும் கண் சுருங்கும் என்பதால், விழித்திருக்கும்போதுதான் மதிப்பெண் போட வேண்டும். எங்கள் முயலுக்கு நான் போட்டது 6. போதாக்குறைக்குப் பல்லை வேறு நறநறத்தது.

மருத்துவரை எழுப்பினோம். அவர் முகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. “எத்தனை புழுக்கை போட்டிருக்கு?” என்றார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. முயலின் குடல் ஓயாமல் ஓட வேண்டிய ஆலை. நாரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பையில் வாழ்கின்றன. வலி வந்தால், பதற்றத்தில் வேலை செய்யும் பரிவு நரம்புகள் முடுக்கப்பட்டு, குடலின் அசைவைக் குறைத்துவிடும். அசைவு குறைந்தால் பசி போகும். தின்னாவிட்டால் நார் உள்ளே போகாது, இருப்பது காய்ந்து இறுகும், வாயு சேரும். வாயு சேர்ந்தால் இன்னும் வலி. இப்படியே விட்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அறுவைக்குப் பின் முயலுக்கு வலி மருந்து என்பது குடலுக்கான மருந்தும்கூட.

பேப்பரை விரித்து எண்ணினாள். மாலையிலிருந்து ஏழே ஏழு, அதுவும் மிளகளவு. நல்ல முயல் நாளுக்கு நூற்றுக்கணக்கில், கொண்டைக்கடலை அளவில் போடும். அப்புறம்தான் தெரிந்தது, அறுவைக்கு முதல் நாள் இரவு முழுக்கப் பட்டினி போடச் சொல்லியிருந்தார் கிளினிக் உதவியாளர் ஒருவர். நாய்க்கு அது சரி, மயக்கத்தில் வாந்தி எடுத்துவிடும். முயலால் வாந்தியே எடுக்க முடியாது!

மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைக் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். நாய்க்குத் தொடர்ந்து கொடுப்பது கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், முயலின் உடல் அதை வேகமாகக் கழித்துவிடுவதால் 1 மில்லிகிராம் வரைகூட தேவைப்படும். நாய்க் கணக்கில் கொடுத்துவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்பவர்கள் உண்டு. அதற்காக நாமே அளவைக் கூட்டிவிடக் கூடாது. உடம்பில் நீர் வற்றியிருந்தால் சிறுநீரகம் கெடும். கடும் வலிக்கு புப்ரெநார்ஃபின் ஊசி போடுவார்கள். அந்த வகை மருந்து குடலை மந்தமாக்கும் என்று தயங்குவதும் உண்டு. வலியை அப்படியே விட்டால் குடல் அதைவிட மோசமாக நின்றுபோகும்.

மார்கழிக் குளிர் வேறு. மயக்க மருந்து உடல் சூட்டை இறக்கிவிடும், சூடு இறங்கினாலும் குடல் மந்தமாகும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கமாக வைத்தாள், சுட்டால் முயல் நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் விட்டு. தீவனத்தைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள்.

நாலரை மணிக்கு மறுபடி போன். “அக்கா, புல்லைக் கடிக்கிற சத்தம் கேக்குது.” பேப்பரில் 31. அளவு பட்டாணிக்கு வந்திருந்தது.