பாம்பு கடித்த காலில் பாராகார்ட் காப்புக் கயிற்றைக் கட்டாதீர்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் அவசரப் பிரிவில் தாதியான எனக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. போன வாரம் கெடா மாநிலத்தின் பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பதினொரு வயதுப் பையனை அவன் அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். ரப்பர்க் காட்டில் சருகோடு சருகாகக் கிடந்த பாம்பை மிதித்திருக்கிறான். முழங்காலுக்குக் கீழே, பாராகார்ட் காப்பைப் (உறுதியான நைலான் கயிற்றில் பின்னிய கைக்காப்பு) பிரித்தெடுத்த ஆரஞ்சு நிறக் கயிறு நான்கு சுற்று. பாதம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. "முகாமில் சொல்லிக்கொடுத்தார்கள் மிஸ்ஸி, காப்பைப் பிரித்து நானே கட்டினேன்" என்றான். இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது கால் இது.

பாராகார்ட் காப்பு பின்னுவதை நான் குறை சொல்லவில்லை. என் மகனுக்கும் பின்னிக் கொடுத்திருக்கிறேன். பிரித்தால் மூன்று மீட்டர் வரை கயிறு கிடைக்கும். கூடாரம் கட்டலாம், அறுந்த சப்பாத்து நாடாவுக்குப் பதிலாகக் கோக்கலாம். கொக்கியில் விசில் இருந்தால் இன்னும் நல்லது. செம்பனை வரிசைகளுக்குள் வழி தவறிய பிள்ளை அலையாமல் ஓரிடத்தில் நின்று, மூன்று மூன்று முறையாக ஊதட்டும்.

ஆனால் "கட்டினால் விஷம் ஏறாது" என்பதை யார் இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? கெடாவின் ரப்பர்க் காடுகளில் அதிகம் கடிப்பது மலாயாக் குழிவிரியன். மலாய்க்காரர்கள் காப்பாக் போடோ என்பார்கள். ஆள் வந்தாலும் நகராமல் சுருண்டே கிடக்கும். அதன் விஷம் கடித்த இடத்துச் சதையையே அழுக வைக்கும். கயிற்றை இறுக்கினால் அந்த விஷத்தை ஒரே இடத்தில் தேக்கி, இரத்த ஓட்டத்தையும் நிறுத்துகிறீர்கள். பாம்பு பாதி கெடுத்த காலைக் கயிறு முழுதாகக் கெடுக்கிறது. அதுவும் 550 ரகக் கயிறு! நான்கு மில்லிமீட்டர் பருமனில் 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ தாங்கும். வீங்கும் கால் அதை அறுத்துக்கொண்டு வெளிவராது. இந்த விஷம் இரத்தத்தை உறையவும் விடாது. கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். சாய்த்தால் தண்ணீராக ஓடும். பெற்றோர் அதைப் பார்த்தால் கயிற்றை நம்ப மாட்டார்கள்.

நாகம் கடித்தாலும் கட்டாதீர்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பாம்பைத் துரத்தாதீர்கள். பிள்ளையை நடக்கவிடாமல் தூக்குங்கள். காலை அசையாமல் வைத்து 999க்கு அழையுங்கள், இல்லையென்றால் நேராக அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். மந்திரிக்கப் போய் ஒரு மணி நேரத்தைத் தொலைக்காதீர்கள். ஏற்கெனவே இறுக்கிக் கட்டிவிட்டீர்களா? வழியில் அவிழ்க்க வேண்டாம், நாங்கள் அவிழ்க்கிறோம். தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்புக்குள் பாயும்போது மருந்தோடு மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காப்புப் பின்னும்போது கயிற்றின் நுனியை லைட்டரால் உருக்குவது பெரியவர் வேலை. உருகிய நைலான் விரலில் ஒட்டினால் பிய்க்காதீர்கள், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை கூடாது.

முகாம் நடத்தும் அண்ணன்மார்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கையில் கடித்தால் வீக்கம் வருமுன் முதலில் கழற்ற வேண்டியதே அந்தக் காப்பைத்தான். அடுத்த முகாமில் அதைக் கழற்றப் பழக்குங்கள்.