லீஷர் பேட்டரி: மனைச் சேமக்கலன்

மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டூர்தியில் பொதுவாக இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று எஞ்சினை முடுக்குவதற்கு உரியது. மற்றொன்று, வண்டி நின்ற பிறகு உள்ளே எரியும் விளக்குகளுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் வெப்பமூட்டியின் விசிறிக்கும் மின்சாரம் தருவது. இந்த இரண்டாவதைத்தான் பிரிட்டனில் லீஷர் பேட்டரி என்கிறார்கள். அமெரிக்காவில் அதற்கு ஹவுஸ் பேட்டரி அல்லது கோச் பேட்டரி என்று பெயர். எஞ்சினுக்கு உரியதை அங்கே சாசி பேட்டரி என்பார்கள். வீட்டூர்தியில் மின்சாரம் நின்றுபோகும்போது "பேட்டரி போய்விட்டது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால், எந்தப் பேட்டரி, அதனுள் எந்தக் கலம், அல்லது அதற்கு மின்னூட்டம் வந்து சேரும் எந்த வழி பழுதானது என்னும் கேள்விகள் எழாமலே போகின்றன. பொருத்தமான தமிழ்ச் சொற்களை அமைத்துக்கொண்டால் பழுதைத் தேடும் முறையும் அவற்றுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

லீஷர் என்ற ஆங்கிலச் சொல், "அனுமதிக்கப்படுதல்" என்னும் பொருளுடைய லிக்கேரே என்ற இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. லைசென்ஸ் என்பதற்கும் அதுவே வேர். கட்டாயப் பணிகள் நீங்கி, விரும்பியதைச் செய்ய விடுபட்ட நேரம் என்பது அதன் கருத்து. விடுமுறைப் பயண வண்டிக்கு உரியது என்ற அளவில் பிரிட்டனில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அதை "ஓய்வு மின்கலம்" என்று தமிழாக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். ஓய்வில் இருப்பது உண்மையில் மற்றதுதான்: எஞ்சினை முடுக்கும் பேட்டரி சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு, இழந்த சிறு அளவை, எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டரிடமிருந்து உடனே திரும்பப் பெற்றுக்கொள்கிறது. லீஷர் பேட்டரியோ சில ஆம்பியர்களை மணிக்கணக்கில், இரவு முழுதும் கொடுத்து, ஆழமாக வற்றி, மறுநாள் மீண்டும் நிரம்ப வேண்டியது. முன்னதில் உடனடி வேகத்துக்காக மெல்லிய தகடுகள் பல இருக்கும். பின்னதில் வற்றுவதையும் நிரம்புவதையும் தாங்கத் தடித்த தகடுகள் இருக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பேட்டரியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. விலை குறைவு என்று கார் பேட்டரியை வாங்கி வீட்டுப் பகுதிக்குப் பொருத்துகிறவர்களுக்கு அது விரைவில் கெட்டுப்போவதன் காரணம் இதில்தான் இருக்கிறது.

பேட்டரி என்னும் சொல்லின் வரலாறு இதைவிடச் சுவையானது. அடித்தல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்து, அடித்து நொறுக்கும் பீரங்கிகளின் வரிசையைக் குறித்த படைத்துறைச் சொல் அது. பெஞ்சமின் பிராங்க்ளின், ஈயத் தகடுகள் பொருத்திய பதினொரு கண்ணாடிப் பலகைகளை ஒன்றாக இணைத்து மின்னேற்றிய தம் அமைப்பை, 1749இல் லண்டனில் இருந்த பீட்டர் காலின்சனுக்கு எழுதிய கடிதத்தில் மின் பேட்டரி என்று குறிப்பிட்டார். ஆகவே தொடக்கத்திலிருந்தே அந்தச் சொல்லுக்குள் இருந்தது தொகுதி என்னும் கருத்து. தனியாக நிற்கும் ஒன்றை அது குறிக்கவில்லை. 1800இல் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா உலோக வட்டுகளையும் உப்புநீரில் நனைத்த துணியையும் மாற்றி மாற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றபோது, அவ்வமைப்புக்குப் பிரெஞ்சில் பீல், அதாவது அடுக்கு, என்று பெயர் வந்தது. மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய–அமில வகையைக் கஸ்தோன் பிளாந்தே 1859இல் உருவாக்கினார். வீட்டூர்திகள் பலவற்றில் இன்றும் இருப்பது அதன் வழிவந்ததே.

தமிழில் மின்கலம், மின்கல அடுக்கு என்று இரு சொற்கள் ஏற்கெனவே உள்ளன. அவற்றைக் கலந்து வழங்குவதுதான் குறை. கலம் என்பது உண்கலம், மரக்கலம், அணிகலம் என்று பல பொருளில் வழங்கினாலும், ஒன்றைத் தன்னுள் கொண்டிருப்பது என்பதே மின்கலத்துக்குப் பொருந்தும் பொருள். ஆங்கிலத்தின் செல் சிறு அறையைக் குறிக்கும் இலத்தீனிலிருந்து வந்தது; தமிழ் அறையை விட்டுக் கலத்தை எடுத்துக்கொண்டது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் ஈய–அமில வகையில் ஒவ்வொரு கலமும் அமிலம் நிரம்பிய ஏனமேதான். எனவே தனியொன்று மின்கலம். பல சேர்ந்தது மின்கல அடுக்கு. நாம் 12 வோல்ட் பேட்டரி என்று வாங்கிவரும் பெட்டி, ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும் ஆறு கலங்களைத் தொடராக இணைத்த அடுக்கு.

இந்த வேறுபாடு அகராதிக்கு மட்டும் உரியதன்று. முழுதும் மின்னேறிச் சில மணி நேரம் எதனோடும் இணையாமல் இருந்த ஈய–அமில அடுக்கு, மல்டிமீட்டர் என்னும் மின் அளவியில் சுமார் 12.7 வோல்ட் காட்டும். பாதி வற்றியிருந்தால் 12.2 அளவில் நிற்கும், 11.9க்குக் கீழே போனால் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் இரவு முழுதும் மின்னேற்றிய பிறகும் 10.5 வோல்ட்டிலேயே நின்றால், அது வற்றியதன் அடையாளம் அன்று. ஆறு கலங்களில் ஒன்று உள்ளே குறுக்குச்சுற்றாகி, ஐந்து மட்டும் எஞ்சியுள்ளன என்பதையே அந்த எண் காட்டுகிறது. "பேட்டரி இறங்கிவிட்டது" என்று நினைப்பவர் அதை மேலும் மின்னேற்றுவார். அப்போது ஆறு கலங்களுக்கு உரிய மின்னழுத்தத்தை ஐந்து கலங்கள் தாங்க நேர்ந்து, அவை சூடாகி வாயுவை வெளியேற்றும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மின்னேற்றியை உடனே நிறுத்திவிட்டு, கதவு சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். அந்த அடுக்கை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு பெட்டிகளைப் பக்க இணைப்பில் வைத்திருப்பவர்கள் அவற்றைப் பிரித்து, ஓர் இரவு விட்டு, தனித்தனியே அளந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் கெட்டது நல்லதிலிருந்து மின்னோட்டத்தை உறிஞ்சி இரண்டையும் ஒன்றுபோலக் காட்டிவிடும்.

இதே 10.5 வேறோர் இடத்திலும் தோன்றும். அடுக்கின் முனைகளில் 12.5 வோல்ட் இருக்க, வெப்பமூட்டி 10 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் அதன் முனைகளில் 10.5 மட்டும் வந்தால், நடுவில் 2 வோல்ட் தொலைகிறது என்று பொருள். ஓமின் விதிப்படி அதற்கு 0.2 ஓம் தடையே போதும். துருப்பிடித்த எர்த் இணைப்பு ஒன்று அந்த அளவு தடையைத் தந்துவிடும். வெப்பமூட்டி அழுத்தம் குறைந்தது கண்டு தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். குற்றமற்ற மின்கல அடுக்கு குப்பைக்குப் போகும். ஆகவே எவ்வளவு என்று அளப்பதோடு எங்கே, எந்தச் சுமையில் என்றும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, மீண்டும் மின்னேற்றக்கூடிய வகைக்குத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கிய சேமக்கலம், சேமக்கலன் என்ற சொல்லைப் பார்க்கலாம். சங்குடன் சேர்த்து ஒலிக்கப்படும் சேகண்டிக்கும் சேமக்கலம் என்ற பெயர் முன்பே உண்டு. குழப்பம் வராமலிருக்கச் சேமக்கலன் என்ற வடிவத்தையே நான் தேர்வேன். சேமம் வடமொழியின் க்ஷேமத்திலிருந்து வந்தது என்று கூறி அதை விலக்க விரும்புகிறவர்கள் புறநானூற்றின் 102ஆம் பாட்டைப் பார்க்க வேண்டும். எருதுகள் இளையவை, பாரமோ மிகுதி, பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வழியில் என்ன நேருமென்று யார் அறிவார் என எண்ணி, உப்பு வணிகர்கள் தம் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிச் செல்லும் சேம அச்சினை, அதாவது மாற்று அச்சினை, அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்குகிறார் ஔவையார். நெடுவழிப் பயணத்தில், வண்டியோடு கட்டப்பட்டு, தேவை வரும்போது உதவக் காத்திருக்கும் ஒன்றுக்குச் சேமம் என்ற அடை அத்தனை பழைய காலத்திலேயே வழங்கியிருக்கிறது. வீட்டூர்தியின் மின்கல அடுக்குக்கு இதைவிட நெருங்கிய முன்சொல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அமெரிக்க வழக்கைப் போல இடத்தை வைத்துப் பெயரிட்டு, லீஷர் பேட்டரியை மனைச் சேமக்கலன் என்றும், எஞ்சினுக்கு உரியதை வண்டிச் சேமக்கலன் என்றும் சொல்லலாம். இப்படிப் பிரித்தவுடன் இரண்டுக்கும் இடையிலுள்ள வழி கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். எஞ்சின் ஓடும்போது இரண்டையும் இணைத்து, நின்றதும் பிரித்துவிடும் ரிலே ஒன்று அங்கே உண்டு. எஞ்சினை ஓடவிட்டு மனைச் சேமக்கலனை அளந்தால் அழுத்தம் 13.5 வோல்ட்டுக்கு மேல் ஏற வேண்டும், 12.4இலேயே அசையாமல் நின்றால் ரிலேயையும் அதன் இருபுறத்து ஃபியூஸ்களையும் பார்க்க வேண்டும். யூரோ 6 மாசு விதிகளுக்குப் பின் வந்த வண்டிகள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர் தன் அழுத்தத்தை அவ்வப்போது குறைத்துக்கொள்வதால், ரிலே நன்றாக இருந்தும் மனைச் சேமக்கலன் நிரம்பாது. அத்தகைய வண்டிக்கு அழுத்தத்தை உயர்த்தித் தரும் இடைநிலை மின்னேற்றி தேவைப்படும்.

முகாம் திடலில் 230 வோல்ட் இணைப்பில் எல்லாம் ஒழுங்காக இயங்கி, இணைப்பைக் கழற்றிய சில நிமிடங்களில் விளக்குகள் மங்கினால், அதுவரை வண்டியை நடத்தியது மின்னேற்றியே. கொள்ளளவை இழந்த மனைச் சேமக்கலன் அதன் பின்னால் மறைந்திருந்தது. இந்த இழப்புக்கு மிகப் பொதுவான காரணம், வற்றிய நிலையில் நாள்பட விட்டுவிடுவதால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்படுவது. குளிர்காலம் முழுதும் நிறுத்தி வைத்த வண்டியில் எச்சரிக்கைக் கருவியும் கட்டுப்பாட்டுப் பலகையும் சேர்ந்து 0.1 ஆம்பியர் இழுத்தாலும் நாளொன்றுக்கு 2.4 ஆம்பியர்–மணி போய்விடும். 100 ஆம்பியர்–மணி சேமக்கலன் மூன்று வாரத்தில் பாதியாகும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கும் சேமக்கலன் என்ற பெயர் பொருந்தும். மேலே சொன்ன எண்கள் பொருந்தா. அதன் 12 வோல்ட் பெட்டியில் 3.2 வோல்ட் கலங்கள் நான்குதான் உள்ளன. பெரும்பகுதி வற்றும்வரை அழுத்தம் ஏறக்குறைய மாறாமலே இருப்பதால் மல்டிமீட்டரை வைத்து மீதியைக் கணிக்க முடியாது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷண்ட் அளவி வேண்டும். முனைகளில் திடீரென அழுத்தமே இல்லாமல் போனால், கலங்களைக் காக்கும் மேலாண்மைச் சுற்று அவற்றைத் துண்டித்திருக்கலாம். உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் கலங்கள் சேதமடையும் என்பதால், குளிர்ந்த காலைகளில் அச்சுற்று மின்னேற்றத்தை மறுப்பதுண்டு; அதைப் பழுது என்று எண்ணிப் பெட்டியைக் கழற்றுவதற்கு முன் வண்டியின் உட்பகுதியைச் சூடாக்கி, மீண்டும் அளந்து பார்க்க வேண்டும்.